ஹல்க் ஹோகன் மறைவு: ரசிகர்களும் வீட்டாரும் கேட்கும் கேள்விகள்

2025 ஜூலை 24 அன்று அமெரிக்க ரெஸ்லிங் வீரர் ஹல்க் ஹோகன் இறந்தார். செய்தி கோலாலம்பூருக்கு வந்தபோது இங்கே வியாழன் இரவு, நள்ளிரவை நெருங்கிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து செந்தூலிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் எனக்குத் தெரிந்த ரெஸ்லிங் ரசிகர்கள், அவர்கள் மனைவிமார், பிள்ளைகள், ஏன், சில தாத்தாக்கள்கூட என்னிடம் ஒரே மாதிரியான கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். பழைய விஷயங்களை ஞாபகம் வைத்திருப்பவள் என்று எங்கள் வட்டத்தில் எனக்கு ஒரு பெயர் உண்டு. அதனால் சந்தேகம் எதுவானாலும் என் பக்கம் வந்துவிடும்.

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்தால் நல்லது என்று தோன்றியது. கேள்விகளை அவரவர் கேட்ட வார்த்தையிலேயே விட்டிருக்கிறேன். எடி கெரேரோ, ஓவன் ஹார்ட், ப்ரே வையட் என்று நாம் முன்பே பறிகொடுத்த வீரர்களைப் பற்றியும் பேச்சு வருவதால் அதையும் சேர்த்திருக்கிறேன்.

அக்கா, யாரு இந்த ஹல்க் ஹோகன்? எங்க அப்பா ரெண்டு நாளா சரியா சாப்பிடக்கூட இல்ல.

அவருடைய சொந்தப் பெயர் டெர்ரி பொலேயா. 1953ல் அமெரிக்காவில், ஜார்ஜியா மாநிலத்து அகஸ்டாவில் பிறந்தார். வளர்ந்தது ஃபுளோரிடாவில். 1984 ஜனவரியில் நியூயார்க்கில் அயர்ன் ஷீக் என்ற வீரரைத் தோற்கடித்துச் சாம்பியன் பட்டம் வாங்கினார். 1987 மார்ச்சில், வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும் ரெஸில்மேனியா என்ற பெரிய நிகழ்ச்சியின் மூன்றாவது ஆண்டில், இருநூறு கிலோவுக்கு மேல் எடை கொண்ட ஆந்த்ரே தி ஜயண்ட்டை அலாக்காகத் தூக்கித் தரையில் போட்டார். அன்று அரங்கில் 93,173 பேர் இருந்ததாக நிகழ்ச்சியை நடத்திய நிறுவனம் (இன்றைய டபிள்யூடபிள்யூஇ) கணக்குச் சொன்னது. அந்தக் கணக்கைப் பற்றி இன்றுவரை வாக்குவாதம் உண்டு. தூக்கியதைப் பற்றி யாருக்கும் வாக்குவாதம் கிடையாது.

உங்கள் அப்பா தலைமுறைக்கு அவர் வாடகை வீடியோ கேசட்டில் வந்தவர். தெருவில் ஒரு வீட்டில் பிளேயர் இருக்கும், வரவேற்பறை முழுக்கப் பிள்ளைகள் உட்கார்ந்திருப்போம். மஞ்சள் பனியனை இரண்டு கையாலும் பிடித்து நெஞ்சுக்கு நடுவே கிழிப்பார். அந்தப் பனியனின் கழுத்துப் பட்டியில் முன்கூட்டியே ஒரு சின்ன வெட்டு போட்டிருப்பார்கள், அப்போதுதான் நேராகக் கிழியும். என் அண்ணன் இதைக் கண்டுபிடித்து, அப்பாவின் ஷேவிங் பிளேடால் தன் பள்ளிக்கூடப் பனியனைக் கீறி, கண்ணாடி முன்னால் நின்று கிழித்தான். வாங்கிய அடியைவிடக் கிழித்த சந்தோஷம்தான் அவனுக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது. பிரார்த்தனை செய், உடற்பயிற்சி செய், விட்டமின் சாப்பிடு என்று ஹோகன் சொன்னதை வைத்தே பிள்ளைகளுக்கு மீன் எண்ணெய் ஊற்றிய அம்மாக்கள் இருக்கிறார்கள்.

அப்பாவைச் சாப்பிடச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். ஆந்த்ரேவைத் தூக்கிய கதையைக் கேளுங்கள், பேச ஆரம்பித்துவிடுவார்.

நிஜமாவே செத்துட்டாரா, இல்ல இதுவும் கதையா? அண்டர்டேக்கர் எத்தனை தடவை செத்தாரு!

நிஜம்தான். ஃபுளோரிடாவில் கிளியர்வாட்டரில் இருந்த அவர் வீட்டிலிருந்து காலையில் அவசர உதவிக்கு அழைப்பு போயிருக்கிறது. அவரைக் காப்பாற்ற முடியவில்லை. வயது 71.

இந்தச் சந்தேகம் வருவது நியாயம். 1994 ராயல் ரம்பிள் நிகழ்ச்சியில் யோகோசூனா என்ற வீரரும் கூட்டாளிகளும் சேர்ந்து, வெட்டியான் வேஷத்தில் வரும் அண்டர்டேக்கரைச் சவப்பெட்டிக்குள் தள்ளி மூடினார்கள். சில மாதம் கழித்து அவர் திரும்பி வந்தார். அவருக்கு ஏழு உயிர், ஆறு போய்விட்டது, மிச்சம் ஒன்றுதான் என்று நம் பள்ளிக்கூடங்களில் சத்தியம் பண்ணாத பையன் கிடையாது. அவர் நலமாக இருக்கிறார். பெயர் மார்க் கலவே. 2022ல் நிறுவனத்தின் கௌரவப் பட்டியலான ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள்.

கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். கதைக்காகச் சாகடிக்கும்போது மேடைப் பெயரைத்தான் சொல்வார்கள். நிஜமாக ஒருவர் போய்விட்டால் சொந்தப் பெயர் வெளியே வரும், குடும்பத்தைப் பற்றிப் பேசுவார்கள், போலீஸும் மருத்துவரும் பேசுவார்கள். டெர்ரி பொலேயா என்ற பெயரைக் கேட்டதுமே எங்களில் பலருக்குப் புரிந்துவிட்டது.

போங்க லா அக்கா, ரெஸ்லிங்கே நடிப்பு. அதுக்குப் போய் யாராச்சும் அழுவாங்களா?

யார் ஜெயிப்பது என்பது முன்பே பேசி வைத்ததுதான். அதில் ஒளிவுமறைவு இல்லை. 1989ல் நியூ ஜெர்சி மாநிலத்தில் விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாட்டிலிருந்து விடுபடுவதற்காக, இது பொழுதுபோக்குதான் என்று நிறுவனமே அதிகாரபூர்வமாகச் சொல்லிவிட்டது. ஆனால் விழுவதை நடிக்க முடியாது. மேடை என்பது இரும்புச் சட்டம், அதன்மேல் பலகை, அதன்மேல் மெல்லிய பஞ்சு, அதன்மேல் கித்தான். அதில் வாரத்துக்கு நான்கைந்து ராத்திரி முதுகு அடிபட விழுகிறவரின் முதுகெலும்பு நிஜமாகத்தான் தேய்கிறது.

எங்கள் பாட்டி திரையில் நம்பியாரைக் கண்டால் கையை நீட்டித் திட்டுவார். அவர் வருஷாவருஷம் சபரிமலைக்குப் போகும் குருசாமி என்று நன்றாகத் தெரிந்தும் திட்டுவார். 2008ல் நம்பியார் இறந்த செய்தி வந்தபோது அதே பாட்டி உட்கார்ந்து அழுதார். வேஷம் வேறு, வேஷம் கட்டியவர் வேறு என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. நம் மக்களுக்கு இது முன்பே தெரிந்த விஷயம். ரெஸ்லிங் என்று வரும்போது மட்டும் ஏனோ கேலி பண்ணுகிறோம்.

மேடையில எல்லாரும் நின்னுகிட்டு பத்து தடவை மணி அடிச்சாங்களே, அது எதுக்கு?

அது குத்துச்சண்டையிலிருந்து வந்த மரியாதை. விழுந்தவர் எழுவதற்குப் பத்து எண்ணுவார்கள் இல்லையா, அந்தப் பத்துதான். ஹோகனுக்கு ஜூலை 28 அன்று ராவ் என்ற வாராந்தர நிகழ்ச்சியில் வீரர்கள் எல்லோரும் கூடி நிற்க அடித்தார்கள். நமக்கு அது செவ்வாய்க்கிழமை காலை. வேலைக்குப் போகும் வழியில் எல்ஆர்டி ரயிலில் கைப்பேசியில் பார்த்துக்கொண்டே எழுந்து நின்றதாக ஒரு தம்பி சொன்னார்.

எப்படி செத்தாரு? ஊசி போட்டதாலதான்னு எல்லாரும் சொல்றாங்களே.

மருத்துவப் பரிசோதகர் எழுதிய காரணம் மாரடைப்பு. இயற்கை மரணம் என்றே பதிவாகியிருக்கிறது. இதயத் துடிப்பு ஒழுங்கில்லாமல் போகும் கோளாறும், ஒரு வகை இரத்தப் புற்றுநோயும் அவருக்கு முன்பே இருந்தன.

பல ஆண்டுகள் ஸ்டீராய்டு எடுத்ததை 1994ல் நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டில் நின்று அவரே ஒப்புக்கொண்டார். அதனால்தான் இறந்தார் என்று நானோ நீங்களோ எழுதுவது முறையில்லை. அவர் உடம்பு எப்படித் தேய்ந்தது என்பதை வேண்டுமானால் பார்க்கலாம். எதிராளி கீழே கிடக்கும்போது ஓடிவந்து எகிறி, காலை நீட்டி, இடுப்பு தரையில் மோத விழுவது அவருடைய கடைசி அடி. நூற்று முப்பது கிலோ உடம்பு, இருபது வருஷத்துக்கு மேல், ராத்திரிக்கு ராத்திரி அப்படி விழுந்திருக்கிறது. முதுகு, இடுப்பு, முழங்கால் என்று அறுவை சிகிச்சை செய்யாத இடமில்லை. அந்த ஒரு அடியைத் தேர்ந்தெடுத்ததற்காகப் பின்னாளில் அவர் வருத்தப்பட்டிருக்கிறார்.

ஏன் இவங்கல்லாம் இவ்ளோ சீக்கிரம் போயிடுறாங்க? 71 கூட பரவால்ல, மத்தவங்கல்லாம் முப்பது, நாப்பதுல.

யோகோசூனா 34 வயதில், 2000ல். பிரிட்டிஷ் புல்டாக் 39ல், 2002ல். மிஸ்டர் பெர்ஃபெக்ட் 44ல், 2003ல். எடி கெரேரோ 38ல், 2005 நவம்பர் 13 அன்று, மினியாபொலிஸ் ஹோட்டல் அறையில். அவரை முதலில் பார்த்தது அண்ணன் மகன் சாவோ. உமாகா 36ல், 2009ல். எழுதும்போதே கை தயங்குகிறது. இவர்கள் படங்கள் எல்லாம் நம் பள்ளிப் புத்தக அட்டைக்குள் ஒட்டியிருந்தவை.

காரணம் ஒன்று கிடையாது, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது. பெரிய உடம்பு வேண்டும் என்று ஸ்டீராய்டு. அது இதயத்தை வீங்கவைக்கும், ரத்தக் குழாயை அடைக்கும். அடிபட்ட வலிக்கு வலி மாத்திரை, தூக்கத்துக்குக் குடி, மறுநாள் விழிக்க வேறு ஏதாவது. வருஷத்தில் இருநூறு நாளுக்கு மேல் பயணம், வேளை தவறிய சாப்பாடு. இதற்கெல்லாம் மேலே, நிறுவனம் இவர்களை ஊழியர்களாக வைத்துக்கொள்வதில்லை, ஒப்பந்தக்காரர்களாக வைத்துக்கொள்கிறது. சங்கமும் கிடையாது. அடிபட்டு வீட்டில் படுத்தால் இடம் போய்விடுமோ என்ற பயத்தில் அடிபட்ட உடம்போடு ஏறியவர்கள் எத்தனையோ பேர். தோட்டத்தில் வேலை செய்த குடும்பங்களுக்கு இந்தப் பயம் என்னவென்று விளக்க வேண்டியதில்லை.

எடி இறந்த பிறகுதான், 2006 பிப்ரவரியில், போதைப்பொருள் சோதனையும் இதயப் பரிசோதனையும் சேர்ந்த புதிய விதிகளை டபிள்யூடபிள்யூஇ கொண்டுவந்தது. அதற்குப் பின் நிலைமை மேல் என்றே நினைக்கிறேன். அதற்கு முன் போனவர்களை நினைத்தால் கோபம் வருகிறது. அந்தக் கோபமும் துக்கத்தின் பங்குதான், அடக்கிக்கொள்ளத் தேவையில்லை.

மேடையிலேயே யாராச்சும் செத்திருக்காங்களா?

ஆமாம். 1999 மே 23, கன்சாஸ் சிட்டியில் ஓவன் ஹார்ட். அரங்கின் கூரையிலிருந்து கயிற்றில் இறங்கி வர வேண்டிய காட்சி. கொக்கி விடுபட்டு ஏறக்குறைய 24 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தார். வயது 34. வீட்டில் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு வர்ணனையாளர் ஜிம் ராஸ் செய்தியைச் சொன்னார். அரங்கில் இருந்தவர்களுக்குச் சொல்லவே இல்லை, நிகழ்ச்சியைத் தொடர்ந்து நடத்தினார்கள். அவர் மனைவி மார்த்தா வழக்குத் தொடுத்தார். ஹால் ஆஃப் ஃபேமில் கணவர் பெயரைச் சேர்க்க இன்றுவரை அவர் சம்மதிக்கவில்லை. நான் முழுக்க அவர் பக்கம்.

ஜப்பானில் மிட்சுஹாரு மிசாவா 2009 ஜூன் 13 அன்று ஹிரோஷிமாவில், ஒரு சாதாரணமான பின்பக்கத் தூக்கலில் விழுந்தவர் எழவில்லை. பல வருஷ அடிகள் கழுத்தில் சேர்ந்திருந்தன. மூன்றாவது பதிலில் பலகையையும் இரும்பையும் பற்றி நான் சொன்னது இதற்காகத்தான்.

என் மகனுக்கு எட்டு வயசு. அவனுக்குப் பிடிச்சவரு போயிட்டா எப்படிச் சொல்றது?

இந்தக் கேள்வியை முதலில் கேட்டவர், 2023ல் ப்ரே வையட் இறந்தபோது ஒரு அம்மா. வையட்டின் சொந்தப் பெயர் விண்டம் ரொட்டண்டா. ஆகஸ்ட் 24 அன்று மாரடைப்பில் போனார், 36 வயதுதான். பயமுறுத்தும் முகமூடி போட்ட ஆள் எப்படிச் சாக முடியும் என்று பையன் கேட்டானாம்.

நேராகச் சொல்லிவிடுங்கள். தூங்குகிறார், வெளியூர் போயிருக்கிறார் என்று சொன்னால் அடுத்த வாரம் டிவி முன்னால் காத்துக்கொண்டிருப்பான். அவருக்கு நெஞ்சு வலி வந்தது, இதயம் நின்றுவிட்டது, இனி வர மாட்டார், பழைய ஆட்டங்களை நாம் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம், அவ்வளவு போதும். அவருக்கும் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று நான் சொன்னபோது அந்தப் பையன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அவர்களுக்கு ஒரு படம் வரைந்து தரலாமா என்று கேட்டான். வரையட்டும். வையட் இறந்த மறுநாள் நிகழ்ச்சியில் ரசிகர்கள் கைப்பேசி விளக்கை ஏற்றி அரங்கம் முழுக்க மின்மினி ஆக்கினார்கள். பிள்ளைகளோடு சேர்ந்து பார்க்கத் தகுந்தது அது.

அப்புறம், மெத்தையில் தம்பியைத் தூக்கிப் போட்டு அஞ்சலி செலுத்தும் வேலை கூடாது. அதையும் அன்றே சொல்லிவிடுங்கள்.

வீட்டுல விளக்கு ஏத்தலாமா? அவரு கிறிஸ்துவராச்சே. நமக்குத் தீட்டு ஏதாச்சும் உண்டா?

தீட்டு ரத்த உறவுக்குத்தான். கோயிலுக்குப் போகலாம், விரதத்தை விட வேண்டாம், நல்ல காரியத்தைத் தள்ளிப்போட வேண்டாம். ஹோகன் கிறிஸ்துவர்தான், 2023 கடைசியில் ஞானஸ்நானம்கூட எடுத்துக்கொண்டார். ஒரு அகல் விளக்கு ஏற்ற மதம் குறுக்கே நிற்காது என்பது என் கருத்து. எங்கள் வட்டத்தில் ஒருவர் தேவாலயத்தில் மெழுகுவர்த்தி ஏற்றினார், ஒருவர் கோயிலில் மோட்ச தீபம் ஏற்றினார். இரண்டும் சரி.

ஹோகன் இறந்தது ஆடி அமாவாசை அன்று. காலையில் அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் எள்ளும் தண்ணீரும் விட்டுவிட்டு வந்தவர்களுக்கு அன்று ராத்திரியே இந்தச் செய்தி வந்தது. தர்ப்பணத்தில் அவர் பெயரையும் சேர்க்கலாமா என்று ஒருவர் கேட்டார். அது முன்னோர் வரிசை, குடும்பத்துக்கு உரியது, அதை அப்படியே விடுங்கள் என்றேன். படத்தின் முன்னால் ஒரு விளக்கு போதும். பூஜை அறைக்குள் சாமி படங்களோடு வைக்க வேண்டாம், வரவேற்பறை போதும்.

நாங்க சில பேரு சேர்ந்து ஒரு அஞ்சலிக் கூட்டம் போடணும்னு நினைக்கிறோம். எப்படி நடத்துறது?

உள்ளரங்கில் நடத்துங்கள். வாழை இலைச் சாப்பாட்டுக் கடைகளில் மாடி இருக்கும், சனி ஞாயிறு தவிர்த்து ராத்திரி எட்டு மணிக்கு மேல் கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். எதற்குக் கூடுகிறீர்கள் என்று முதலாளியிடம் முன்பே சொல்லிவிடுங்கள். திடலிலோ தெருவிலோ கூடுவதானால் 2012ஆம் ஆண்டு அமைதிப் பேரணிச் சட்டப்படி முன்கூட்டியே போலீஸுக்கு அறிவிக்க வேண்டிவரும். வெளியே கண்ணீர் அஞ்சலிப் பதாகை கட்ட மாநகர மன்றத்தின் அனுமதி வேண்டும். இந்த இரண்டு தலைவலியும் வேண்டாம்.

நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். மேசைமேல் ஒரு படம், தலையில் மஞ்சள் துணி கட்டி, காதருகே கையை வைத்துக் கூட்டத்தின் சத்தத்தைக் கேட்கும் படம். அதற்கு மஞ்சள் சாமந்தி மாலை, நடுநடுவே சிவப்பு ரோஜா. அவருடைய நிறமும் நம் மாலையின் நிறமும் ஒன்றாகிவிட்டன. பக்கத்தில் யாரோ ஒரு பழைய பனியனை மடித்து வைத்திருந்தார்கள். பூஜை மணியைப் பத்து முறை நிதானமாக அடித்தோம். பித்தளை மணியின் சத்தம் அடங்கும்வரை காத்திருந்து அடுத்தது. அப்புறம் ஒவ்வொருவரும் ஒரு ஞாபகம் சொன்னார்கள். மலாய், சீன நண்பர்களும் வந்திருந்ததால் பாதித் தமிழும் பாதி மலாயும். சாப்பாடு சைவம், எல்லோரும் சாப்பிட வேண்டும் இல்லையா. மது கூடவே கூடாது, ஆறாவது பதிலில் எழுதிய பெயர்களை நினைத்துப் பாருங்கள்.

பேச யாரையும் கட்டாயப்படுத்தாதீர்கள். லாரி ஓட்டும் ஒரு அண்ணன் எழுந்து நின்றார், வாயைத் திறந்தார், வார்த்தை வரவில்லை. காதருகே கையை வைத்துக் காட்டிவிட்டு உட்கார்ந்தார்.

அவரு கறுப்பர்களைக் கேவலமா பேசினவரு. நாம கறுப்பா இருந்துகிட்டு அவருக்குப் போய் அழலாமா?

இந்தக் கேள்வியைத்தான் இளையவர்கள் அதிகம் கேட்கிறார்கள், கேட்க வேண்டியதும் இதுதான். நடந்தது இது: ஹோகன் கறுப்பின மக்களைப் பற்றி மிக இழிவாகப் பேசிய பேச்சின் எழுத்து வடிவம் 2015ல் வெளியானது. தன்னை இனவெறியன் என்றே அதில் சொல்லிக்கொண்டார். டபிள்யூடபிள்யூஇ 2015 ஜூலை 24 அன்று அவரோடு உறவை முறித்துக்கொண்டது. சரியாகப் பத்து வருஷம் கழித்து அதே தேதியில் இறந்திருக்கிறார். 2018ல் திரும்பச் சேர்த்துக்கொண்டபோது வீரர்கள் முன்னால் பேசினார். யாரும் பதிவு செய்துவிடாமல் கவனமாக இருங்கள் என்ற தொனியில் அந்தப் பேச்சு போனது என்று கறுப்பின வீரர் டைட்டஸ் ஓ'நீல் போன்றவர்கள் வெளிப்படையாகவே வருத்தப்பட்டார்கள். 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸில் மேடை ஏறியபோது கூட்டம் அவரை எதிர்த்துப் பலமாகக் கூவியது. அதுதான் கடைசிக் காலத்தில் அவர் கேட்ட சத்தம்.

நிறத்தை வைத்து ஒரு வார்த்தை சொன்னால் எப்படி எரியும் என்று இந்த நாட்டில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் கேட்டிருக்கிறோம், வாடகைக்கு வீடு தேடும்போது கேட்டிருக்கிறோம். ஆகவே அவர் பேசியதைப் பழைய கதை என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. அதே சமயம் எட்டு வயதில் அந்த வரவேற்பறைத் தரையில் உட்கார்ந்து நான் அடைந்த சந்தோஷமும் பொய்யில்லை. அந்தச் சந்தோஷத்தைக் கொடுத்தவரும் அந்த வார்த்தைகளைச் சொன்னவரும் ஒரே ஆள். இரண்டையும் சேர்த்துத்தான் நான் அழுதேன்.

கூட்டம் போடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இதையும் அங்கே பேசுங்கள். எங்கள் கூட்டத்தில் மணி அடித்தபோது ஒரு தம்பி எழுந்து நிற்கவில்லை. ஏன் என்று காரணமும் சொன்னார். யாரும் அவரை எதுவும் சொல்லவில்லை, நானும் சொல்ல விடமாட்டேன். அப்புறம் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டார். அவர் நிற்காததும் அந்த லாரி அண்ணன் வார்த்தை வராமல் உட்கார்ந்ததும் இரண்டுமே எனக்கு மரியாதைக்குரியவை.

அப்படின்னா கிறிஸ் பென்வாவுக்கும் அழலாம்னு சொல்றீங்களா?

இல்லை, அது வேறு. 2007 ஜூன் மாதம் ஒரு வார இறுதியில் பென்வா என்ற அந்த டபிள்யூடபிள்யூஇ வீரர் தன் மனைவி நான்சியையும் ஏழு வயது மகன் டேனியலையும் கொன்றுவிட்டுத் தானும் செத்தார். அந்த மாதம்தான் நிறுவனத் தலைவர் வின்ஸ் மக்மேன் கார் வெடித்து இறந்துவிட்டதாக ஒரு கதை ஓடிக்கொண்டிருந்தது. அதற்கான துக்க நிகழ்ச்சி நடக்க வேண்டிய ராத்திரியில், பென்வா குடும்பம் இறந்துவிட்டது என்ற செய்தி மட்டும் வந்ததால், மூன்று மணி நேரம் அவருக்கு அஞ்சலி ஒளிபரப்பினார்கள். உண்மை வெளியே வந்ததும் மறுநாளே மக்மேன் தோன்றி, இன்று ராத்திரி இதற்கு மேல் அவர் பெயரைச் சொல்ல மாட்டோம் என்றார்.

அவருடைய மூளையைப் பரிசோதித்த மருத்துவர்கள், தலையில் திரும்பத் திரும்ப அடிபட்டதால் கடுமையாகச் சிதைந்திருந்தது என்றார்கள். தலைக்கு விழும் நாற்காலி அடியை ரசித்துக் கைதட்டிய நமக்கும் அதில் யோசிக்க நிறைய இருக்கிறது. ஆனால் விளக்கு ஏற்றுவதானால் நான்சிக்கும் டேனியலுக்கும் ஏற்றுங்கள். முந்தின பதிலில் நான் சொன்னது பேச்சால் காயப்படுத்திய ஒருவரைப் பற்றி. கொலைக்கு அந்த இடம் கிடையாது.

செத்தவங்க பேரை வச்சே அடுத்த கதை ஓட்டுறாங்களே, அது சரியா?

யார் செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. எடி இறந்து சில மாதத்தில், அவர் நரகத்தில் இருக்கிறார் என்று ரேண்டி ஆர்டனை மேடையில் சொல்லவைத்தார்கள், எடியின் நெருங்கிய நண்பர் ரே மிஸ்டீரியோவை உசுப்பேற்றுவதற்காக. அது எனக்கு அன்றும் பொறுக்கவில்லை, இன்றும் பொறுக்கவில்லை.

வையட்டின் கதை வேறு. அவருடைய சொந்தத் தம்பி போ டல்லாஸ், அண்ணன் உருவாக்கிய உலகத்தை எடுத்துக்கொண்டு 2024 ஜூனில் தன் கூட்டத்தோடு வந்தார். அந்தக் குழுவில் எரிக் ரோவனும் இருந்தார். வையட்டோடு முதலில் சேர்ந்து நடந்தவர்கள் ரோவனும் லூக் ஹார்ப்பரும்தான், அதில் ஹார்ப்பர் 2020 டிசம்பரில் நுரையீரல் நோயால் 41 வயதில் போய்விட்டார். மிச்சம் இருந்தவர் தம்பியோடு சேர்ந்து, வையட் மேடைக்குத் தூக்கி வந்த அந்த விளக்கைத் தூக்கி வருவதைப் பார்த்தபோது, இதற்கு இவர்களுக்கு உரிமை இருக்கிறது என்று தோன்றியது.

அஞ்சலி டி-ஷர்ட் விக்கிறாங்க. வாங்கலாமா?

பணம் குடும்பத்துக்குப் போகிறது என்று அதிகாரபூர்வமாகச் சொல்லியிருந்தால் வாங்குங்கள், வையட்டுக்கு அப்படிச் செய்தார்கள். பசார் மாலாம் இரவுச் சந்தையில் தொங்குவதற்கும் குடும்பத்துக்கும் சம்பந்தம் இல்லை.

எங்க தாத்தா, "இவனுங்கல்லாம் என்னடா, கிங் காங் செத்தப்ப பார்த்திருக்கணும்"ங்கிறாரு. குரங்கா?

மனிதர்தான். எமில் சாயா என்ற ஐரோப்பியர், சிங்கப்பூரில் தங்கி இந்த வட்டாரம் முழுக்கக் குஸ்தி போட்டவர். தாரா சிங்கும் 1940களின் கடைசியில் பஞ்சாபிலிருந்து சிங்கப்பூர் வந்து, தர்லோக் சிங்கைத் தோற்கடித்து மலேசியப் பட்டத்தை வாங்கித்தான் பெயர் எடுத்தார். கிங் காங்கும் தாரா சிங்கும் மோதிய ஆட்டங்களுக்கு வேலை முடித்துக் கூட்டம் கூட்டமாகப் போனவர்கள் நம் தாத்தாக்கள். கிங் காங் 1970ல் கார் விபத்தில் அடிபட்டு இறந்தார். தாரா சிங் 2012 ஜூலை 12 அன்று மும்பையில், 83 வயதில். டிவி இராமாயணத்தில் அனுமாராக வந்தவரும் அவர்தான்.

தாத்தா பேசட்டும், கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். அந்த ஆட்டங்களை நேரில் பார்த்தவர்கள் இன்னும் கொஞ்சம் பேர்தான் இருக்கிறார்கள்.

எங்க அப்பாதான் எனக்கு ரெஸ்லிங் காட்டுனாரு. அப்பா செத்தப்ப எனக்கு அழுகையே வரல, காரியமெல்லாம் நான்தான் பார்த்தேன். இப்ப ஹோகனுக்கு இப்படி அழுவுறேன். இது தப்பா அக்கா?

தப்பே இல்லை தம்பி. மூத்த மகன் என்றால் பந்தல், ஐயர், வேன், சாப்பாடு, வருகிறவர்களுக்கு நாற்காலி என்று ஓடியிருப்பீர்கள். அழ நேரம் கிடைத்திருக்காது. இப்போது கிடைத்திருக்கிறது. ஹோகனுக்காக வந்ததா, அப்பாவுக்காக வந்ததா என்று பிரித்துப் பார்க்க வேண்டாம்.

அம்மாவோடு உட்கார்ந்து பேசுங்கள். அப்பா எந்த ஆட்டத்தை உங்களுக்கு முதலில் போட்டுக் காட்டினார் என்று அம்மாவுக்கு ஒருவேளை ஞாபகம் இருக்கலாம். வாரக்கணக்கில் தூக்கம் வராமல் போனாலோ வேலைக்குப் போக முடியாமல் போனாலோ, பக்கத்துக் கிளினிக்கில் டாக்டரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். அதற்கு முன் பேசத் தோன்றினால் என்னைக் கூப்பிடுங்கள், கடை மூடியபின் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல்.